பயில்வான் ராவுத்தர் ஜெயித்த ஒரே குஸ்தி

தோற்பதில் எங்கள் சித்தூர் பயில்வான் ராவுத்தரை ஜெயிக்க இந்த உலகத்தில் ஆள் பிறக்கவில்லை.

மிகைப்படுத்திச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கோயமுத்தூரில் தோற்றார். சேலத்தில் தோற்றார். ஈரோட்டில் ஒரே வாரத்தில் இரண்டு தடவை தோற்றார்: திங்கட்கிழமை 'பெஷாவர் புலி' என்ற பெயரில், வியாழக்கிழமை முகமூடி போட்டுக்கொண்டு 'ரங்கூன் ராட்சசன்' என்ற பெயரில். மறுநாள் டீக்கடையில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, "ராட்சசனாவது கொஞ்சம் தாக்குப்பிடிச்சான், அந்தப் புலிதான் சுத்த மோசம்" என்று பேசிக்கொண்டார்களாம். கப்பலேறிக் கொழும்புக்குப் போய், கொட்டுகிற மழையில் தோற்று, ஜலதோஷத்தோடு திரும்பி வந்திருக்கிறார். ஒரு சர்க்கஸ் கம்பெனியில் கரடியிடம்கூடத் தோற்றிருக்கிறார்.

"கரடிக்கு நம்ம பேச்சு தெரியாதுங்களே தம்பி. அது எப்பத் தள்ளும்னு காத்துக்கிட்டு இருக்க முடியுமுங்களா? நானே விழுந்துட்டேன்" என்று என்னிடம் சொன்னார்.

'பேச்சு' என்பது அவர்கள் தொழிலில் பெரிய வார்த்தை. டிக்கெட் போட்டு நடத்துகிற குஸ்தியில், ஆட்டத்துக்கு முன்பு இரண்டு பயில்வான்களும் ஆளில்லாத கோதாவில் குந்தி உட்கார்ந்து, யார் ஜெயிப்பது, யார் விழுவது, எந்த ரவுண்டில் என்று பேசி முடிப்பார்கள். பிறகு இருவரும் கோதா மண்ணைத் தொடுவார்கள். தொட்டால் தொட்டதுதான். அதன்பிறகு மகாராஜாவே வந்து கேட்டாலும் பேச்சை மாற்றக்கூடாது. இதைப் பத்திரிகையில் எழுதலாமா என்று பயில்வானிடமே கேட்டேன். "நான் ஓஞ்சு போயிட்டேன், எழுதுங்க. இப்ப ஆடற பசங்க பேரை மட்டும் எழுதீராதீங்க" என்றார். எழுதவில்லை.

எல்லாப் பேச்சிலும் விழுகிற பாகம் அவருக்குத்தான் வரும். காரணம், அவரைப்போல் விழ ஆளில்லை. ஆளைப் பார்த்தால் அரசமரத்துக்கு வேட்டி கட்டிவிட்டது மாதிரி இருப்பார். அந்த உடம்பு மல்லாக்க விழுந்து முதுகு மண்ணில் மோதினால், அந்தச் சத்தம் கடைசி பெஞ்சில் இருக்கிறவன் வயிற்றில் கேட்கும். பெண்கள் வாயைப் பொத்திக்கொள்வார்கள். ஆனால் அவருக்கு ஒரு சிராய்ப்புக்கூட இருக்காது. எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு சாப்பிடப் போய்விடுவார்.

நான் அவரோடு பழகியது அவர் கோதாவை விட்டுவிட்டு வாடகை சைக்கிள் கடை வைத்த பிறகு. நான் எலப்புள்ளிக்காரன். எங்கள் அப்பா பாரவண்டி ஓட்டினார். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். சித்தூர் காலேஜில் இண்டர்மீடியட் படித்தபோது, சைக்கிள் கடைக்கு மேலே இருந்த ஓடு வேய்ந்த அறையில் தங்கியிருந்தேன். பயில்வானையும் அவர் மனைவி பீவிம்மாவையும் மாமா, மாமி என்றுதான் கூப்பிடுவேன். அவர்களுக்கு ஜொஹரா என்று ஒரே மகள்.

சைக்கிள் கடை வைத்திருந்தாரே தவிர, அவர் சைக்கிள் ஏறியதில்லை. ஒரே ஒரு தடவை ஏறினார். பின்சக்கரம் இட்டிலித் தட்டு மாதிரி ஆகிவிட்டது. அதிலிருந்து வண்டியைச் சோதிக்க வேண்டுமென்றால் சீட்டின்மேல் உள்ளங்கையை வைத்து ஓர் அழுத்து அழுத்துவார்; சைக்கிள் முனகினால் நல்ல வண்டி. வாடகைக்கு எடுத்த சைக்கிளை மோதி நெளித்துக்கொண்டு வருகிறவர்கள் தெருமுனையிலிருந்தே கும்பிட்டுக்கொண்டு வருவார்கள். அவர் கடையை விட்டு எழுந்து வெளியே வந்தாலே பாதிப் பேருக்குப் பேச்சு நின்றுவிடும். அவர் வருவதோ, "அடி கிடி பட்டுச்சுங்களா?" என்று கேட்பதற்காக.

இத்தனை பெரிய உடம்புக்குள்ளே விழுகிற பழக்கம் எவ்வளவு ஆழமாக இறங்கியிருந்தது என்பது ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் தெரிந்தது. பள்ளிவாசலிலிருந்து அவர் திரும்பி வரும்போது, ஒருவன் கடையிலிருந்து ஒரு சைக்கிளை உருட்டிக்கொண்டு போகிறான். ஒரே எட்டில் போய்ச் சட்டையைப் பிடித்துவிட்டார். திருடன் திரும்பிப் பார்த்தான். அவன் கண்ணுக்கு மார்பு மட்டும்தான் தெரிந்திருக்கும். செத்தோம் என்று நினைத்தவன், கடைசி முயற்சியாக அந்த மார்பில் இரண்டு கையாலும் ஒரு தள்ளுத் தள்ளினான்.

மாமா தடாலென்று மல்லாக்க விழுந்தார்.

என் அறையில் ஓடு இரண்டு சரிந்தது. நான் எட்டிப் பார்த்தபோது திருடன் தன் கைகளையே பார்த்தபடி நின்றான். தனக்கு இவ்வளவு பலம் இருப்பது அவனுக்கு அதுவரை தெரியாது. பிறகு பயந்துபோய்ச் சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு ஓடினான். பயில்வான் இரக்கப்பட்டு அவனை விட்டுவிட்டார் என்று தெருவில் பெருமையாகப் பேசிக்கொண்டார்கள். பீவிம்மா மட்டும் வாசலில் நின்று, "எவனாச்சும் தும்முனாக்கூட விழுந்துருவீங்களாட்ட இருக்குது" என்றார். மாமா முதுகைத் தட்டிக்கொண்டே, "நெஞ்சுல கை பட்டா விழுந்தே பழகிருச்சு புள்ள" என்றார்.

முதல் வருஷம் நான் இங்கிலீஷில் தோற்றுப்போனேன். வீட்டுக்குப் போக முகமில்லாமல் கடைவாசலில் உட்கார்ந்திருந்தேன். என்ன விஷயம் என்று கேட்டார். தோற்றுவிட்டேன் என்றேன். அவர் முகத்தில் முதன்முறையாக என்மேல் ஒரு தொழில்முறை அக்கறை தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எதிராளி யாருங்க?"

"இங்கிலீஷுங்க மாமா."

"வெள்ளைக்காரனுங்களா? அவன்கிட்டத் தோத்தா வெளிய சொல்லிக்கலாமுங்க. நான் ரெண்டு வெள்ளைக்காரன்கிட்டத் தோத்திருக்கிறேன்."

மறுநாள் என்னோடு எலப்புள்ளிக்கு அவரும் நடந்து வந்தார். இப்போது எல்லாம் ஒரே கேரளமாகிவிட்டது. அப்போது சித்தூர் திருக்கொச்சி ராஜ்யத்தில், எலப்புள்ளி மதராஸ் ராஜ்யத்தில். எல்லை தாண்டி வந்த அந்த உருவம் எங்கள் குடிசை வாசலில் நின்றபோது வெளிச்சம் பாதி குறைந்தது. மாடு அவிழ்த்துக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்து பார்த்தார். இங்கிலீஷில் போய்விட்டது என்று நான் சொன்னேன். மாமா இன்னும் வாயே திறக்கவில்லை. "அடுத்த வாட்டி எழுதிக்கட்டுமுங்க" என்றார் அப்பா. மாமா திரும்பிப் போன பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்தாளு அடிப்பானாடா?" என்று கேட்டார். அவர் அடி வாங்கித்தான் பழக்கம் என்றேன். அப்பா நம்பவில்லை.

இனி அந்தக் குஸ்திக்கு வருகிறேன்.

ஜொஹராவுக்குப் பொள்ளாச்சியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. மாப்பிள்ளையின் தகப்பனார், அவர்கள் பேச்சில் அத்தா, கருப்பட்டி மண்டி வைத்திருந்தார். வந்தார், பெண்ணைப் பார்த்தார், பிடித்தது என்றார். பீவிம்மாவின் கையால் வயிறாரச் சாப்பிட்டார். கை கழுவியபடியே மாமாவைப் பார்த்து, "இதுவரைக்கும் எத்தனை பேரை அடிச்சிருப்பீங்க?" என்று கேட்டார். மாமா பொய் சொல்லத் தெரியாதவர், இருமினார். பீவிம்மா முந்திக்கொண்டு, "அதையெல்லாம் யாருங்க எண்ணி வச்சாங்க? எந்திரிச்சவங்களைத்தான் எண்ணோணும்" என்றார். மண்டிக்காரரின் முகம் வெளுத்துவிட்டது. சொல்லி அனுப்புகிறேன் என்று போனவரிடமிருந்து தகவலே இல்லை. மாதங்கள் போயின. ஜொஹரா பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். பையனை அவளுக்கும் பிடித்திருந்தது என்று பீவிம்மா என்னிடம் சொன்னார்.

நாங்கள் எல்லோரும் கூடி யோசித்து ஒரு முடிவுக்கு வந்தோம். மாமா நிஜமாக ஜெயித்த பயில்வான்தானா என்று மண்டிக்காரருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பீவிம்மா அளந்ததை அவர் நம்பவில்லை. அதனால்தான் முகம் வெளுத்தது.

அந்தச் சமயத்தில்தான் ஜூன் மாதத்து இடவப்பாதி மழையில் ஊர் வாசகசாலையின் கூரை இடிந்து விழுந்தது. அதன் செக்ரட்டரி ஒரு டிராயிங் மாஸ்டர், மலையாளி, நல்ல மனிதர். அறுவடை முடிந்த வயலில் ஒரு குஸ்தி நடத்தி, அந்த வசூலில் ஓடு வேய்வது என்று அவருக்கு ஒரு யோசனை தோன்றிவிட்டது. சித்தூர் பயில்வானுக்கும் கோயமுத்தூர் கஜகேசரிக்கும் மோதல் என்று இரண்டு ராஜ்யத்திலும் நோட்டீஸ் ஒட்டினார்.

கஜகேசரியும் கோதாவை விட்டுவிட்டு எருமை வைத்துப் பால் வியாபாரம் செய்துகொண்டிருந்தவர்தான். ஆனால் அவர் ஜெயிக்கிற ஜாதி. மாமாவையே எத்தனையோ ஊரில் மல்லாக்கப் போட்டவர். இருவருக்கும் அப்படி ஒரு சிநேகம். முதல்நாள் சாயங்காலமே வந்து சேர்ந்தார். இருவரும் வயலில் ஆற்றுமணல் கொட்டி வைத்திருந்த கோதாவில் குந்தினார்கள். மூன்றாவது ரவுண்டில் கஜகேசரி ஜெயிப்பது, மாமா விழுவது என்று பேச்சு முடிந்தது. மண்ணைத் தொட்டுவிட்டு, தோளில் கை போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள்.

வந்தால், பொள்ளாச்சியிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்: மண்டிக்காரர் நாளைக்குக் குஸ்தி பார்க்க வருகிறார். பார்த்துவிட்டு நிக்காஹ் பற்றி முடிவு சொல்வார்.

அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை, கஜகேசரியைத் தவிர. அவர் தின்றுவிட்டுப் பள்ளிக்கூடத்தில் படுக்கப் போனதும் பீவிம்மா ஆரம்பித்தார். ஆயுசெல்லாம் விழுந்தாயிற்று, மகளுக்காக ஒருக்கா நின்றால் என்ன என்று கேட்டார். மாமா தலையைக் குனிந்துகொண்டே இருந்தார். கடைசியில், "மண்ணைத் தொட்டுட்டேன் புள்ள" என்றார். உள்ளே ஜொஹராவின் வளையல் சத்தம் கேட்டது. அவர் எழுந்து கடைக்குப் போய், பழுதே இல்லாத ஒரு சைக்கிளைக் கழற்ற ஆரம்பித்தார்.

காலையில் பீவிம்மா என்னைக் கூப்பிட்டார். "நீங்கதான் நாலெழுத்துப் படிச்சவரு. கேசரி அண்ணங்கிட்டப் போயிப் பக்குவமாச் சொல்லுங்க. அவரு மனசு வச்சா நடக்கும்."

போனேன். கஜகேசரி எட்டாம் வகுப்பில், இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டு, ஒரு வாழைத்தாரோடு உட்கார்ந்திருந்தார். மனப்பாடம் செய்து வைத்திருந்ததை ஒப்பித்தேன். ஒரு குடும்பத்தின் எதிர்காலம் தங்கள் கரங்களில் உள்ளது என்பதாக இருந்தது என் பேச்சு. பழம் தின்றுகொண்டே கேட்டார்.

"இதென்னுங்க தம்பி, இதுக்குப் போயி இத்தனை சுத்தி வளைச்சுக்கிட்டு. ஜொஹரா நம்ம புள்ளைங்க. நான் விழுந்துர்றேன்."

பிறகு சற்று யோசித்தார். அவர் நெற்றியில் ஒரு கோடு விழுந்தது.

"ஆனா நான் விழுந்ததே இல்லீங்களே. அதை எப்படிப் பண்றதுங்க?"

எனக்கும் தெரியவில்லை. நின்றபடியே பின்பக்கமாகச் சாய வேண்டும் என்று நினைக்கிறேன் என்றேன். "அதென்ன பெரிய வித்தைங்களா? சாஞ்சாத் தீந்துது" என்று அடுத்த பழத்தை உரித்தார். ராவுத்தரிடம் மட்டும் சொல்லாதீர்கள், மண்ணைத் தொட்டதை மாற்ற ஒத்துக்கொள்ள மாட்டார் என்றும் சொன்னார். நான் மிதந்துகொண்டு வீடு திரும்பினேன்.

சாயங்காலம் வயல் நிறைந்துவிட்டது. மதராஸ் பக்கத்தில் மதுவிலக்கு, சித்தூர் பக்கத்தில் கள்ளுக்கடை. ஆகையால் எலப்புள்ளி ரசிகர்கள் காலையிலேயே எல்லை தாண்டி வந்து நல்ல உற்சாகத்தில் இருந்தார்கள். மண்டிக்காரர் முன்வரிசை நாற்காலியில், மடியில் குடையை நிறுத்தி, அதன் பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெண்களுக்குத் தென்னந்தட்டி கட்டித் தனி இடம். அதன் ஓட்டைகளில் ஒன்று பீவிம்மாவின் கண். நான் தண்ணீர்க் குடத்தோடு கோதா ஓரத்தில் இருந்தேன். டிராயிங் மாஸ்டர்தான் ரெஃபரி. அவருக்குப் பந்துகளியில், அதாவது கால்பந்தில், ரெஃபரியாக இருந்துதான் பழக்கம். குஸ்தியைப் பற்றி, முதுகு மண்ணில் பட்டவன் தோற்றான் என்ற அளவுக்கு மாமா சொல்லிக்கொடுத்திருந்தார்.

முதல் இரண்டு ரவுண்டும் பிரமாதம். தொடையைத் தட்டினார்கள், உறுமினார்கள், மண்ணை வாரி வீசினார்கள். மூன்றாவது ரவுண்டில் மாமா பேச்சுப்படி நெஞ்சைத் திறந்துகொண்டு, விழத் தோதாக முன்னால் வந்தார். கஜகேசரியும் நெஞ்சைத் திறந்துகொண்டு முன்னால் வந்தார். இருவரும் கட்டிப்பிடித்தார்கள். அப்புறம் ஒன்றும் நடக்கவில்லை.

நான் பக்கத்தில் இருந்ததால் எனக்கு மட்டும் கேட்டது.

"தள்ளுங்க கேசரி."

"நீங்க தள்ளுங்க ராவுத்தரே."

"பேச்சு என்னங்க?"

"பேச்சுக் கெடக்குது. நிக்காவைப் பாருங்க."

மாமாவுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் கோபம் வந்துவிட்டது. கோபத்தில் கஜகேசரியைத் தன்மேல் இழுத்துப் போட்டுக்கொள்ளப் பார்த்தார். கஜகேசரி சுழன்று அடியில் போகப் பார்த்தார். இவர் முதுகைக் காட்ட, அவர் அதற்குமுன் முதுகைக் காட்ட, இரண்டு முதுகும் மோதிக்கொண்டு பம்பரமாகச் சுற்றின. கல்யாணப் பந்தியில் நீங்க முதல்ல உக்காருங்க, இல்லை நீங்க உக்காருங்க என்று இரண்டு சம்பந்திகள் மல்லுக்கட்டுவார்களே, அப்படி இருந்தது. எனக்குப் பின்னால் விவரம் தெரிந்த ஒருவர், இது காஷ்மீர்ப் பிடி, லேசில் பார்க்கக் கிடைக்காது என்று மற்றவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

மாஸ்டர் விசிலை ஊதி ஆட்டத்தை நிறுத்தினார். "எந்தா இது? ரெண்டாளும் தாழே போகணும்னா மேலே யாரு இருக்கறது?" என்றார். அவருக்குத் தெரிந்த ஒரே தீர்ப்பை அவர் சொன்னார்: இருவர்மேலும் ஃபவுல்.

மறுபடி விசில். கஜகேசரிக்குப் பொறுமை போய்விட்டது. எருமைக்காரர்களுக்கே உள்ள பிடிவாதம். மாமாவின் கையை உதறிவிட்டு, நான் காலையில் சொல்லிக்கொடுத்தபடியே, நின்றபடி பின்பக்கமாகச் சாய்ந்தார்.

விழத் தெரிந்தவன் முகவாயை நெஞ்சில் ஒட்டிக்கொண்டு, தோளைக் கொடுத்து, கையால் மண்ணை அறைந்து விழுவான். அவருக்கு அதெல்லாம் யார் சொன்னது? வெட்டின பனை மாதிரி நேராகச் சாய்ந்தார். தலை போன திசையில் கோதாவின் மூலைக் கம்பம் இருந்தது.

நான் கண்ணை மூடவில்லை, மூட நேரமில்லை. மாமா ஒரு பாய்ச்சல் பாய்ந்தார். அந்த உடம்பு அப்படிப் பாயும் என்று அதுவரை யாருக்கும் தெரியாது. கம்பத்துக்கும் கஜகேசரியின் பின்மண்டைக்கும் நடுவில் அவருடைய உள்ளங்கை போய்விட்டது. கை நின்றது, உடம்பு நிற்கவில்லை. கஜகேசரி மல்லாந்து கிடந்தார். அவர்மேல் மாமா கிடந்தார்.

மாஸ்டர் குனிந்து பார்த்தார். முதுகு மண்ணில் பட்டிருந்தது. விசிலை நீளமாக ஊதி, மாமாவின் கையைத் தூக்கினார்.

வாழ்நாளிலேயே முதல் தடவையாக, ஆட்டம் முடிந்தபோது மாமாவுக்கு எதிரே வானம் இல்லை, ஒரு மனிதனின் முகம் இருந்தது. எழுந்து நின்றார். சனம் கத்துகிறது, துண்டுகள் பறக்கின்றன. ஜெயித்தவன் அடுத்தபடியாக என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை. சுற்றிலும் பார்த்தார். பிறகு, தனக்குத் தெரிந்த காரியத்தைச் செய்தார். மெதுவாகக் கஜகேசரியின் பக்கத்தில் மல்லாக்கப் படுத்து முனக ஆரம்பித்தார்.

எலப்புள்ளிக்காரர்கள் அவரைத் தோளில் தூக்க வந்தார்கள். நாலு பேர் முயன்றார்கள். பிறகு எட்டுப் பேர். கடைசியில் கைதட்டுவதோடு விட்டுவிட்டார்கள்.

அப்போதுதான் தட்டிக்குப் பின்னாலிருந்து பீவிம்மாவின் குரல் கேட்டது. "தம்பி, அவரு போறாருங்க." பார்த்தேன். முன்வரிசை நாற்காலி காலி. மண்டிக்காரர் குடையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வரப்பில் விறுவிறுவென்று நடந்துகொண்டிருந்தார், பஸ் நிற்கிற பக்கமாக.

குடத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். அவரைப் பிடிக்கும்போது எனக்கு மூச்சு வாங்கியது. ஜெயித்துவிட்டாரே, பார்த்தீர்களா, இனியும் என்ன சந்தேகம் என்று கேட்டேன். அவர் நின்று, என்னை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"ஜெயிச்சதுதாங்க எனக்குப் பயம். ஆளைப் பாத்த நாளா எனக்குத் தூக்கமில்லீங்க. எம் மவன் இருக்கானே, காத்து பலமா அடிச்சாக் கதவைப் புடிச்சுக்கிட்டு நிப்பான். நாளைக்குப் புருசன் பொண்டாட்டிக்குள்ள ஒரு வார்த்தை வருது, அந்தப் புள்ள அத்தா ஊட்டுக்கு வந்து அழுகுது, இவரு பொறப்பட்டு வந்து எம் மவனை மடிச்சு வச்சுட்டார்னா நான் என்னுங்க பண்றது? அதுதான் ஆளு எப்படின்னு பாத்துட்டு, வேண்டாம்னு சொல்லிரலாமுன்னு வந்தேன்."

அவர் தோற்றிருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. ஜெயிக்க வைத்துக் கெடுத்தது நாங்கள். அதிலும் பக்குவமாகப் பேசப் போனவன் நான்.

மண்டிக்காரர் தன் உள்ளங்கையை விரித்து என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"ஆனா அந்தக் கையைப் பாத்தீங்களா? எதிராளி தலைக்கு அடியில கொண்டுபோயி வச்சாருங்களே, ஜெயிக்கிற நேரத்துல. எனக்குக் கண்ணு கலங்கிப்போச்சுங்க."

"அப்படீன்னா எதுக்குங்க போறீங்க?"

"நான் எங்க போறேன்? சம்பந்தம் பேசறதுக்கு வெறுங்கையோட போவாங்களா? பஸ் நிக்கிற எடத்துல பேரீச்சம்பழம் விக்கிறாங்க, வாங்கியாறேன். நீங்க வேணும்னா குடையைப் புடிச்சுக்குங்க."

பேரீச்சம்பழத்தோடு நாங்கள் வீடு போய்ச் சேர்ந்தபோது மாமாவும் கஜகேசரியும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். கஜகேசரியின் கழுத்து ஒரு பக்கமாகத் திரும்பியே இருந்தது. பீவிம்மா சூடு செய்த நல்லெண்ணெயைக் கொடுத்திருந்தார், அவரே தேய்த்துக்கொண்டிருந்தார். மண்ணைத் தொட்டுவிட்டு மாற்றிவிட்டீர்களே என்று மாமாவுக்குக் கோபம். உங்கள் மகளுக்காகத்தானே என்று அவருக்குக் கோபம். விஷயத்தை நான் சொல்லி முடித்ததும் கஜகேசரி கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பி, "கடைசியில என்னைய எதுக்குங்க ராவுத்தரே ஜெயிச்சீங்க?" என்று கேட்டார்.

மாமா தரையைப் பார்த்தார். "நான் வேணும்னு ஜெயிக்கலீங்க கேசரி. கை தானாப் போயிருச்சு."

மறுநாள் காலையில் பல் தேய்க்க வெளியே வந்தபோது ஒரு காட்சி பார்த்தேன். பிரிக்காமல் கிடந்த கோதாவில் இரண்டு பெரிய உருவங்கள். மாமா கஜகேசரிக்கு விழச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். "முகவாயை உள்ள வாங்குங்க. கையை அறையுங்க. அட, பயப்படாதீங்க, நான் புடிச்சிருக்கறேன்." எருமை கறக்கிற நேரம் தப்பிவிட்டதே என்ற கவலை இல்லாமல், கோயமுத்தூர் கஜகேசரி மறுபடி மறுபடி விழுந்து எழுந்தார். அவருக்கு அது பிடித்துப்போய்விட்டது என்று நினைக்கிறேன்.

வாசகசாலைக்கு ஓடு வேய்ந்தாயிற்று. நானும் அங்கே உட்கார்ந்து படித்து அந்த வெள்ளைக்காரனை அடுத்த தடவை மடக்கிவிட்டேன்.

நிக்காஹ் அன்று மாப்பிள்ளையைப் பார்த்தேன். மண்டிக்காரர் மிகைப்படுத்தவில்லை. மாலைதான் பையனைப் போட்டுக்கொண்டிருந்தது. சாப்பாடு முடிந்ததும் இளவட்டங்கள் சும்மா இருப்பார்களா? மாமனாரோடு ஒரு பிடி போட்டால்தான் பெண்ணைக் கூட்டிப் போகலாம் என்று மாப்பிள்ளையை மடக்கிவிட்டார்கள். மண்டிக்காரருக்கு மறுபடி முகம் வெளுத்தது. பந்தலுக்கு நடுவில் பையனைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். எதிரே மாமா, வெள்ளை வேட்டி, புதுச் சட்டை. கதவுக்குப் பின்னாலிருந்து ஜொஹரா எட்டிப் பார்த்தாள்.

பையன் நடுங்கிக்கொண்டே ஒற்றை விரலை நீட்டி, மாமாவின் நெஞ்சை மெல்லத் தொட்டு, "மன்னிச்சுக்குங்க மாமா" என்றான்.

மாமா அவனைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். முகவாயை நெஞ்சில் ஒட்டிக்கொண்டார்.

அந்தச் சத்தம் சித்தூரே கேட்டது. பிரியாணி அண்டாவை விட்டுவிட்டுச் சமையல்காரர்கள் ஓடி வந்தார்கள். பள்ளிவாசல் புறாக்கள் எழும்பிப் பறந்தன. மாப்பிள்ளை தன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மண்டிக்காரர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு விக்கி விக்கிச் சிரித்தார். கழுத்தை இப்போது நன்றாகத் திருப்ப முடிந்த கஜகேசரி, தொழில் தெரிந்தவர் என்ற முறையில், முதலில் கைதட்டினார். பந்தல் துணியைப் பார்த்தபடி மல்லாக்கக் கிடந்த மாமாவின் முகத்தில் இருந்த நிம்மதியை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

சித்தூரில் இன்றைக்கும் அவரைக் கஜகேசரியைச் சாய்த்தவர் என்றுதான் சொல்கிறார்கள். யாராவது அதை எடுத்தால் அவர் உடனே ஒரு சைக்கிளைக் கழற்ற ஆரம்பித்துவிடுகிறார். அவர் சங்கடப்படுவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் எல்லோருக்கும் தெரியட்டும் என்று இதை எழுதுகிறேன்: அன்றைக்கு எங்கள் மாமா ஜெயித்தது அவர் தப்பில்லை. கை தானாகப் போய்விட்டது.